ஊசி இறங்கும் வரை

இருபத்தாறு டன் நிலக்கரி.
சூசமிர் பனிவெளியிலிருந்து
வளைவுக்கு வளைவு இரண்டாம் கியரில் முக்கி முனகி
தோ-ஆஷூ குகைப்பாதையின் வாசலுக்கு
வந்து சேர்ந்தபோது மணி நாலேகால்.
இந்த மலையில் இங்கே மட்டும்தான்
போனுக்குச் சிக்னல் வரும்.
ஓரமாக ஒரு லாரி ஒதுங்க இடமும்
இங்கே மட்டும்தான்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.
சாவியைத் தொடவில்லை.

என் இருக்கைக்கு அடியில்
நத்தை போல் சுருண்ட ஓர் இரும்பு
இன்னும் தணலாக இருக்கிறது.
அதற்குள் விரல் தடிமன் தண்டொன்று,
நிமிடத்துக்கு எண்பதாயிரம் சுற்று சுற்றி வந்தது,
உலோகத்தைத் தொடாமல்
எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது.
எஞ்சினை அணைத்தால் எண்ணெய் நிற்கும்.
தண்டு உடனே நிற்காது.
தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் தீய்ந்து
அடிப்பிடித்த பால் மாதிரி பேரிங்கில் ஒட்டும்.
அன்றைக்கே சாகாது. அதுதான் அதன் கெட்ட குணம்.
ஒரு மாதம் கழித்து, வேறொரு மேட்டில்,
நீலப் புகையோடு கணக்குத் தீர்க்கும்.

போன வருஷம் தீர்த்தது.

அப்போது லாரியில் பாதி என்னுடையது,
பாதி துராத்பெக்குடையது. தங்கை பெர்மெட்டின் புருஷன்.
"மார்ச் பதினொண்ணு, மேலே, ஒரே ஒரு தடவை
சூட்டோட அணைச்சேன்" என்று அவனே ஒப்புக்கொண்டான்.
டர்போ, கூலி, நின்றுபோன மூன்று வார லோடு,
ஒவ்வொரு சோமாக அவன் முகத்துக்கு நேரே
எண்ணிச் சொன்னேன்,
பெர்மெட் கைக்குழந்தையோடு கதவோரம் நிற்க.
தன் பாதியை எனக்கே விற்றுவிட்டுப் போனான்.
பேரம்கூடப் பேசவில்லை.
ஏன் அணைத்தாய் என்று
நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஊசி ஐந்நூற்றுப் பத்தில்.
டாஷ்போர்டில் போன் அதிர்கிறது.
திரையில் அவன் பெயர்.
அதை நான் அழிக்காமல் வைத்திருந்தது
எனக்கே புதுச் செய்தி.

எடுத்தேன்.
எஞ்சின் இரைச்சலில் அவன் குரல்
தவிட்டில் விழுந்த கடுகு.
"கேக்கல, சத்தமாப் பேசு."
கத்துகிறான். வார்த்தைகளின் வால் மட்டும் வந்து சேர்கிறது.
பார்த்தால், என் வலது கை
தானாகச் சாவிக்குப் போயிருந்தது.
கரி படிந்த நகம். சாவி வளையம்.
அரைத் திருப்பல் போதும்,
அவன் சொல்வது கேட்கும்.

மார்ச் பதினொன்று.
நேற்று முன்தினம் அவன் மகளுக்கு
ஒரு வயது முடிந்ததென்று
சுரங்கத்து எடைமேடையில் யாரோ சொன்னார்கள்.

கையை எடுத்தேன்.
"அணைக்க முடியாது, சூடு இறங்கணும்!"
அந்தப் பக்கம் பேச்சு நின்றது.
பிறகு ஒவ்வொரு எழுத்தாக உரித்து,
"ஊசி எத்தனையில நிக்குது?"
"முந்நூத்தி நாப்பது."
"சரி. இரு."

அவன் துண்டிக்கவில்லை. நானும்தான்.
போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தேன்.
ஒரு காலத்தில் இருவருக்கும் சொந்தமாயிருந்த எஞ்சினை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
முந்நூறு.
கஜக் நம்பர் போட்ட டேங்கர் ஒன்று
ஹாரன் அடித்துக் குகைக்குள் போனது.
இருநூற்று அறுபது. கண்ணாடியில் என் மூச்சு.
நாலாவது சிலிண்டரில் ஏதோ லேசாகத் தட்டுகிறது,
அவனுக்கும் கேட்டிருக்கும்.
இருநூறு. இன்னும் கொஞ்சம் விட்டேன்.

திருப்பினேன்.
ஒரு குலுக்கலோடு எல்லாம் அடங்க
முதலில் வெளிக்காற்று காதுக்கு வந்தது,
பிறகு ஆறுகிற இரும்பின் டிக், டிக்,
பிறகு போனுக்குள்
ஒரு குழந்தை கரண்டியால் தரையைத் தட்டும் ஓசை.

"இப்போ சொல்லு."

"ஒண்ணுமில்ல" என்றான் துராத்பெக்.
"அந்தப் பழைய ஜாக்கி உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு. துருப்பிடிச்சுக் கிடக்கு.
அந்த வழியாத்தான் வர்றேன்."